தவிடு போன சங்கீதம்

காங்கேயத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அரிசி ஆலை வைத்திருப்பவர். வாரத்தில் ஆறு நாள் ஆலையில் அரிசியைத் தீட்டுவார். ஏழாவது நாள் வீட்டு மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தீட்டுவார்.

இது என்ன புது வேலை என்று கேட்பீர்கள். அவர் பாட்டுக் கேட்பது கம்ப்யூட்டரில். விண்டோஸ் என்கிற இயங்குதளம் நம் கண்ணுக்குத் தெரியாமல் எத்தனையோ வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. அச்சு யந்திரத்துக்கு ஏவல், வைரஸுக்குக் காவல், கோப்புகளுக்கு அட்டவணை, வேளை தவறாமல் நகல் எடுத்து வைப்பது என்று பட்டியல் நீளும். இந்தச் சில்லறை வேலைகளெல்லாம் சேர்ந்து சங்கீதத்தைக் கலக்கிவிடுகின்றன. ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தால் பாட்டு ஊற்று நீராய்த் தெளிந்து வரும் என்பது ஒரு கூட்டத்தாரின் சித்தாந்தம். உலகமெங்கும் இதற்குப் பக்தர்கள் உண்டு. பிடுங்கித் தருவதற்கென்றே மென்பொருள் செய்து விலைக்கு விற்பவர்களும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் பழைய இசைத்தட்டுப் பாட்டு ஒன்றை ஓடவிட்டார்.

"இப்பக் கேளுங்க. பிரிண்டர் சர்வீஸை நிறுத்திப் போட்டேன். அம்மா கொரலு முன்னால வந்திருச்சுங்களா?"

"வந்திருக்குதுங்க" என்றேன். உள்ளேயிருந்து காப்பி வந்துகொண்டிருந்தது. மறுத்துப் பேச அது சமயமில்லை.

அன்று விழுங்கியதை இன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் குரல் எங்கேயும் வரவில்லை. இருந்த இடத்திலேதான் இருந்தது. அது பதிவான காலத்தில் இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் ஓடும். முள் உரசும் கரகரப்பும் கூடவே வரும். அவ்வளவையும் மீறி நம் நெஞ்சைத் தொட்ட குரலை, கேவலம், அச்சு யந்திரத்தின் ஏவலாள் ஒருவன் மறைத்து நின்றான் என்றால் நம்பத்தான் வேண்டுமா?

கணக்கைப் பாருங்கள். குறுந்தகட்டின் தரத்தில், ஒரு விநாடிச் சங்கீதம் 44,100 துணுக்குகளாக அளக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் 16 பிட். இரண்டு காதுக்கு இரண்டு தடம். பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட். நமக்கு இது மலைப்பு; இன்றைய கம்ப்யூட்டருக்குக் கொசுக்கடி. மேலும், அது எண்களை நேரே ஒலிபெருக்கிக்குள் கொட்டுவதில்லை. ஒரு தொட்டியில் நிரப்பி வைக்கிறது. நல்ல ஒலிமாற்றுக் கருவி தன் சொந்தக் கடிகாரத்தின் தாளப்படி அந்தத் தொட்டியிலிருந்து மொண்டுகொள்கிறது. தோட்டத்து மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும், மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிற வரைக்கும் குழாயில் ஒரே சீராகத்தானே விழுகிறது? தொட்டி வற்றினால் பாட்டு 'டக்'கென்று அறுபடும். அதைக் கேட்க ரசிகர் வேண்டாம், வாசலில் போகிறவருக்கும் கேட்கும். எண்கள் ஒழுங்காக வந்து சேர்ந்த பிறகு, குரல் 'கொஞ்சம் முன்னால்' வருவதும், வீணையின் நாதத்தில் 'பட்டுப் போன்ற மென்மை' கூடுவதும் யந்திரத்தின் காரியமல்ல; மனசின் காரியம். ஞாயிற்றுக்கிழமை பூராவும் பாடுபட்டவன் காது சாயங்காலம் கூலி கேட்கும். இல்லாவிட்டாலும் கொடுத்துக்கொள்ளும்.

'என் காதுக்குக் கேட்கிறதே, நீ யார் இல்லை என்பதற்கு?' என்பது இவர்களுடைய பிரம்மாஸ்திரம். சரி, காதையே நீதிபதியாக்குவோம் என்றேன். தீட்டிய கம்ப்யூட்டர் ஒன்று, தீட்டாதது ஒன்று. ஒலிமாற்றியும் ஒலிபெருக்கியும் ஒன்றே. நண்பரின் வீட்டம்மா திரைமறைவில் மாற்றி மாற்றிப் போட்டார். நண்பர் பத்துத் தடவை தீர்ப்புச் சொன்னார். ஐந்து சரி, ஐந்து தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இவ்வளவு நியாயம் கிடைத்திருக்கும்.

எதிர்க்கட்சிக்கு உள்ளதையும் ஒப்புக்கொள்கிறேன். விண்டோஸ், பாட்டையும் மணியோசையையும் கலந்து ஒரே அளவுக்கு மாற்றி அனுப்புகிற வழக்கம் உடையது. அதை ஒதுக்கிவிட்டுப் பாட்டை நேர்வழியில் அனுப்ப வசதி இருக்கிறது, ஒரு நிமிஷ வேலை, தாராளமாகச் செய்யலாம். கம்ப்யூட்டரின் விசிறி இரைந்தால் அதை அடுத்த அறைக்குத் துரத்தலாம். பாட்டுக்கென்றே தனிக் கருவி வேண்டும் என்றால், 2012-ல் இங்கிலாந்திலிருந்து வந்த ராஸ்ப்பெர்ரி பை என்ற உள்ளங்கையளவு கம்ப்யூட்டரில், வொலூமியோ போன்று அதற்காகவே செய்த இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். அது தீட்டிய அரிசியல்ல. அந்தக் காரியத்துக்கென்றே விதைத்த பயிர். குடித்தனத்துக்கு இருக்கும் கம்ப்யூட்டரைக் குடலுருவுவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

ஏனென்றால் கதை அத்துடன் முடியவில்லை.

நண்பரின் தகப்பனார் தம் ஊர்க் கோயிலில் ஓரிரவு நடந்த உடுக்கைப் பாட்டை இரண்டு காசெட்டுகளில் பிடித்து வைத்திருந்தார். அண்ணன்மார் சாமி கதையில் மூன்று மணி நேரப் பாட்டு. பாடியவர் இன்று இல்லை, பிடித்தவரும் இல்லை. நாடாவில் பூஞ்சணம் ஏறுவது கண்டு நண்பர் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். நல்ல காரியம். ஆனால் அதே கம்ப்யூட்டரில், இரவில் நகல் எடுக்கும் ஏற்பாடு 'டிஸ்க்கைத் தொந்தரவு பண்ணுது' என்று அதையும் நிறுத்தியிருந்தார். நான்கு மாதம் கழித்து டிஸ்க் செத்தது. காசெட்டை எடுத்துப் பார்த்தால் நாடா ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது.

ஆலைக்காரருக்குத் தெரியாததா? தீட்டத் தீட்ட அரிசி வெளுக்கும்; போகிற தவிட்டோடு சத்தும் போகும். எது தவிடு, எது உமி என்று பார்க்காமல் தீட்டிவிட்டார்.

இதே காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையம் இருக்கிறது. 1965-ல், வெளிநாட்டிலிருந்து வந்து அங்கே தங்கியிருந்த பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சி மாணவி, ராமசாமி என்ற உடுக்கைப் பாடகர் பாடிய இதே அண்ணன்மார் கதையை இரவு இரவாக நாடாவில் பதிந்தார். பெக் பின்னாளில் கனடாவில் பேராசிரியராக இருந்தவர். அந்தக் கதையை ஆராய்ந்து அவர் எழுதிய புத்தகம் 1982-ல் வந்தது. பின்னால் கதை முழுவதும் தமிழும் ஆங்கிலமுமாக அச்சேறியது. கிராமத்து ராத்திரியில் ஓடிய அந்த நாடாவுக்கு எந்தத் தூய்மையைக் காட்டுவது? இன்றைய காதுத் தபசிகள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் பாட்டு இருக்கிறது. ஒருத்தி அக்கறையாகப் பதிந்தாள், எழுதி வைத்தாள், காப்பாற்றினாள்; அதனால் இருக்கிறது.

நம் வீட்டுப் பரண்களில் இன்னும் எத்தனை காசெட்டுகள் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றனவோ! தெளிவுக்காகச் செலவழிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கையிலிருந்தால், பரணில் ஏறுங்கள். நாடாவை நகலெடுங்கள், ஒன்றல்ல, மூன்று. அவற்றில் ஒன்று வேறு ஊரில், உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

போன வாரம் நண்பரைப் பார்த்தேன். மாடியில் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது.

"அப்பா பாடகரைப் பார்த்து நடுவுல ஒரு தடவை, 'கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டுப் பாடுங்க'ன்னு சொல்லுவாருங்க. அது அந்தக் காசெட்டுலதானுங்க இருந்துச்சு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு எந்த யந்திரத்தின் தெளிவு ஈடாகும்?