கைதட்டல் கஞ்சி ஊற்றுமா?

எல்லையில் காவல் நிற்கும் ஜவான் யார்? பண்ணையார் வீட்டுப் பிள்ளையா? மில் முதலாளி பெற்ற செல்வமா? இல்லை, தோழர்களே! பாபநாசம் வயலில் நாற்று நடுகிறவளும், பஞ்சாலையில் அறுந்த நூலை முடிகிறவனும் பெற்ற பிள்ளைகளைப் போன்றவன்தான் அவன். வயிற்றுப்பாட்டுக்காகவே துப்பாக்கி ஏந்தியவன்.

அவனுக்கு இன்று பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் மாலை மரியாதை நடக்கிறது. பனியில் தனித்து நிற்பவனுக்கு, ஊர் தன்னை நினைக்கிறது என்பது தெம்புதான். மறுக்கவில்லை. ஆனால் தெம்பு வேறு, உரிமை வேறு!

2017 ஜனவரியில் நடந்தது என்ன? காஷ்மீர் எல்லையில் நின்ற எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் தேஜ் பகதூர் யாதவ், கருகிய ரொட்டியையும், மஞ்சளும் உப்பும் மட்டுமே கலந்த பருப்புத் தண்ணீரையும் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டார். லட்சோபலட்சம் பேர் பார்த்துப் பொங்கினார்கள். உள்துறை அமைச்சர் அறிக்கை கேட்டார். படை நிர்வாகமோ யாதவையே ஒழுங்கு கெட்டவர் என்றது. முடிவு? ஏப்ரலில் அவருடைய வேலை பறிபோனது! லைக் போட்ட லட்சம் கைகளால் அந்த ஒரு வேலையைக் காப்பாற்ற முடிந்ததா?

ஏன் இந்தக் கதி? அவருக்குச் சங்கம் இல்லை. அரசின் அனுமதியின்றித் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது, பத்திரிகைக்குச் செய்தி தரக் கூடாது என்கிறது 1968-ஆம் ஆண்டு எல்லைப் பாதுகாப்புப் படைச் சட்டம். வாயைக் கட்டிவிட்டு 'வீரனே வாழ்க' என்று கூவுகிறது ஆளும் வர்க்கம்!

பென்ஷன் கதையும் இதுதான். 2004 ஜனவரி முதல் மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் மறுக்கப்பட்டது. அதைக் கொடு என்று 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு என்ன செய்தது? உச்ச நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கியது! மேடையில் பூமாலை, கோர்ட்டில் தடையுத்தரவு!

தஞ்சைத் தரணிக்கு இந்தப் பாடம் புதிதல்ல. சாணிப்பாலும் சவுக்கடியும் 1940-களில் ஒழிந்தது யாரோ 'ஐயோ பாவம்' என்றதாலா? தோழர் பி. சீனிவாசராவ் போன்றோர் கட்டிய சங்கத்தில், செங்கொடியின் கீழ் கூலி விவசாயிகள் திரண்டதால்!

ஆகவே, தோழர்களே, வாழ்த்துச் சொல்லுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். நல்ல சோறு, காலத்தில் விடுப்பு, பழைய பென்ஷன், குறை சொன்னவனைப் பழிவாங்காத விசாரணை — இவற்றைக் கேட்டு உங்கள் சங்கக் கூட்டங்களில் தீர்மானம் போடுங்கள். சட்டம் கட்டியிருப்பது ஜவானின் வாயை. நம் வாயை அல்ல!