பைக்கில் லாங் ரைடு... பையில் லேப்டாப்! எதை எடுத்துப் போகலாம், எதை வீட்டிலேயே விட்டுவிடலாம்?

லே நகரில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். சேலத்திலிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் மேல் பைக் ஓட்டி வந்து சேர்ந்திருந்த அந்த இளைஞர், சூடாக ஒரு டீ குடித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். திரையின் குறுக்கே ஒரு கோடு. மூலையில் மை கொட்டியதுபோல ஒரு கறுப்புத் திட்டு. 'சரி, ரூம் டி.வி-யில் கனெக்ட் பண்ணிக்கலாம்' என்று மனதைத் தேற்றிக்கொண்டு, போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்கைச் செருகினார். டிக்... டிக்... என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோனது.

அவர் கல்யாண வீடியோ எடிட்டர். வயது 27. பெயர் வேண்டாம் என்கிறார். அந்த டிஸ்க்கில் இருந்தது இன்னொரு குடும்பத்தின் கல்யாணம். "பகல்ல ஓட்டுறது, ராத்திரி ரூம்ல உட்கார்ந்து எடிட் பண்றது. ஊர் திரும்புறதுக்குள்ள ஆல்பம் வீடியோ ரெடியாயிடும்னு கணக்குப் போட்டேன்" என்கிறார்.

ஊரிலிருந்த உதவியாளரிடம் சில மெமரி கார்டுகள் அழிக்கப்படாமல் இருந்ததால் முகூர்த்தமும் ரிசப்ஷனும் தப்பித்தன. நலங்கு பதிவான கார்டு மட்டும் அடுத்த வேலைக்காக ஏற்கெனவே ஃபார்மேட் ஆகியிருந்தது. "பொண்ணோட பாட்டி நலங்கு வெச்சது அதுலதான் இருந்துச்சு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவங்க வாங்கிக்கல. அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு."

லாங் ரைடு போகிறவர்கள் லேப்டாப் வாங்கும்போது முதலில் பார்ப்பது பிராசஸர், ரேம், விலை. பைக்கில் போகப் போகும் லேப்டாப்புக்கு அதெல்லாம் கடைசிக் கேள்விகள். வழியில் இது செத்துப்போனால் கூடவே என்னவெல்லாம் போகும்? அதுதான் முதல் கேள்வி.

விழவே இல்லை, எப்படி உடைந்தது?

அந்தப் பயணத்தில் அவர் ஒருமுறைகூட பைக்கிலிருந்து விழவில்லை. 15.6 இன்ச் கேமிங் லேப்டாப், செங்கல் மாதிரி ஒரு சார்ஜர், இரண்டும் சேர்ந்து மூன்று கிலோ. இரண்டையும் ஒரே பையில் வைத்து, பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கேரியரில் போட்டு, பங்கி கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். சார்ஜர் இருந்தது லேப்டாப் மூடியின் மேல். மணாலியைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த சார்ஜர் மூடியை ஒரு குத்து குத்தியிருக்கிறது. மூடிக்குப் பின்னால்தான் திரை என்பது அப்போது அவருக்கு நினைவில் இல்லை.

பைக்கில் லேப்டாப்புக்கு எதிரி, விழுவதைவிட இந்த அழுத்தமும் அதிர்வும்தான். ஹேண்டில்பாரில் போன் மாட்டுபவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அதிக சக்தி கொண்ட மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. நாள் முழுக்க அந்த அதிர்வு லேப்டாப்புக்குள்ளும் போகிறது. திருகு தளர்கிறது, கனெக்டர் லூஸ் ஆகிறது, கீல் ஆட்டம் காண்கிறது.

அதனால் வைக்கும் இடம் முக்கியம். பைக்கின் கடைசி நுனிதான் அதிகமாகத் தூக்கிப் போடும் இடம். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், ஓட்டுபவருக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. டேங்க் பேக், அல்லது சேடில் பேக்கின் முன்பகுதி. துணிகளுக்கு நடுவில் செங்குத்தாக நிற்கவேண்டும். சார்ஜர், டூல் கிட், பூட்டு எல்லாம் வேறு பையில். 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருக்கும் பையை மழை நம்பாது. வாயைச் சுருட்டி மூடும் டிரை பேக் ஒன்றை உள்ளே போட்டுவிட வேண்டும். சிலர் முதுகுப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். லேப்டாப்புக்கு அது சொகுசு. ஆனால், விழுந்தால் முதுகெலும்புக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஒரு தட்டையான இரும்புத் துண்டு மாட்டிக்கொள்ளும். அதைவிட லேப்டாப் உடைவதே மேல்.

இன்னொன்று. மூடியை மூடினாலே லேப்டாப் தூங்கிவிடும் என்று பலர் அப்படியே பைக்குள் திணிக்கிறார்கள். சில லேப்டாப்கள் பைக்குள் தானாக விழித்துக்கொண்டு, காற்றே இல்லாத இடத்தில் சூடாகிக் கொதிக்கும். பைக்கில் ஏற்றும் முன் முழுதாக ஷட் டவுன் செய்வதுதான் சரி.

உயரமும் ஹார்டு டிஸ்க்கும்

சுழலும் தட்டு கொண்ட ஹார்டு டிஸ்க்கில், படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுழலும்போது உருவாகும் மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்த இடைவெளி நானோமீட்டர் கணக்கு. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. மிதக்கும் உயரமும் குறைகிறது. அதனால்தான் இத்தகைய பல டிஸ்க்குகளின் குறிப்பேட்டில் 'இயக்கத்துக்கான அதிகபட்ச உயரம் 3,048 மீட்டர்' என்று போட்டிருக்கும். அதாவது 10,000 அடி. லே நகரமே சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. கார்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேல்.

சேலம் இளைஞரின் டிஸ்க் உயரத்தால் போனதா, வழிநெடுகப் பட்ட அடியால் போனதா என்பதை ரிப்பேர் கடைக்காரராலும் சொல்ல முடியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் தீர்வு ஒன்றுதான்: எஸ்.எஸ்.டி. சுழலும் பாகமே கிடையாது, காற்றை நம்பி இருப்பதும் கிடையாது. லேப்டாப்புக்குள்ளும் அதுவே, வெளியே எடுத்துப் போவதும் அதுவே.

உயரத்தோடு குளிரும் வரும். சர்ச்சு, பாங் போன்ற இடங்களில் கூடாரத்தில் தங்கும்போது கோடையிலேயே இரவு நடுங்க வைக்கும். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரப் பாதிப்பு ஏற்படும். குளிர்ந்துபோன லேப்டாப்பை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தவுடன் ஆன் செய்யவும் கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பதைப்போல உள்ளே நீர் பூக்கும். பைக்குள்ளேயே ஒரு மணி நேரம் விட்டால் போதும்.

'ராணுவத் தரம்' என்றால்?

கடையில் இந்த வார்த்தையைக் கேட்காமல் வெளியே வர முடியாது. 'எம்.ஐ.எல்-எஸ்.டி.டி-810' என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பரிசோதனை முறைகளின் தொகுப்பு. அதிலிருந்து எந்தச் சோதனைகளைச் செய்வது என்பதைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனமே. பிரபலமான கீழே போடும் சோதனையில் ஒட்டுப்பலகை மேல் 26 முறை போடுவார்கள். அந்த 26-ஐ ஐந்து மாதிரிகளுக்குப் பிரித்துக்கொள்ளவும் அனுமதி உண்டு! அந்த முத்திரை பொய்யில்லை. ஆனால், உங்கள் லேப்டாப் ஜல்லி ரோட்டில் விழுந்தால் பிழைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

நிஜமாகவே அடி தாங்கும் லேப்டாப்கள் இருக்கின்றன. பானசோனிக் டஃப்புக், டெல் ரக்கட் போன்றவை. எடையும் அதிகம், விலையும் லட்சத்தைத் தாண்டும். எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்பவருக்கு சரி. ரைடுக்குப் போகிறவர் அந்தப் பணத்தில் நல்ல டயரும் ஜாக்கெட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

சேலம் இளைஞர் அடுத்த பயணத்துக்கு வாங்கியது செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் எக்ஸ்280. அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டு மொத்தமாக விற்கும் ரகம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இது போன்றவை கிடைக்கும். 12.5 இன்ச் திரை, ஒன்றேகால் கிலோ அளவு எடை. ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பின்னால் கூட்ட முடியாதே என்று மற்றவர்கள் குறை சொல்வார்கள். பைக்கில் அதுவே வரம், லூஸ் ஆக எதுவுமில்லை. கீபோர்டில் டீ கொட்டினாலும் ஓரளவு தாங்கும். பழையது வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். எக்ஸ்280 அதில் தேறுகிறது, அதற்கு முந்தைய எக்ஸ்270 தேறாது.

புதிதுதான் வேண்டும் என்பவர்களுக்கு, ஃபேன் இல்லாத மேக்புக் ஏர் போன்றவை தூசிக்கு நல்லது. அதன் 13 இன்ச் மாடல் ஏறத்தாழ ஓர் ஏ4 தாள் அளவுதான். ஆனால், உடைந்தால் வழியில் ஏதோ ஓர் ஊரில் சரி செய்ய முடியாது. இழந்தால் மனசு கேட்காத பொருளை பைக்கில் கட்டிக்கொண்டு போனால், ரோட்டைப் பார்ப்பதைவிடப் பையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதுதான் அதிகமாகும்.

சார்ஜ் எங்கே போடுவது?

பைக்கில் இருக்கும் சாதாரண யு.எஸ்.பி போர்ட் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். சின்ன லேப்டாப்புக்கே 45 முதல் 65 வாட் வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக இழுத்தால், 65 வாட்டுக்கு 12 வோல்ட்டில் ஐந்து ஆம்பியருக்கு மேல் ஆகும். அது ஒரு ஹெட்லைட் பல்ப் எரிவதற்குச் சமம். ஃபியூஸும் ரிலேவும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. ஓடும்போது மூடிய பைக்குள் சார்ஜ் போடுவது சூட்டுக்கு வழி. அறையில் போடுவதே நிம்மதி.

டைப்-சி வழியாக சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால் ஒரே 65 வாட் சார்ஜர் போதும். போன், கேமரா, லேப்டாப் எல்லாவற்றுக்கும் அதுவே. அந்தச் செங்கல் வீட்டிலேயே இருக்கட்டும். அவசரத்துக்கு 20,000 எம்.ஏ.ஹெச் பவர் பேங்க் ஒன்று, டைப்-சி வழியாக லேப்டாப்புக்குத் தேவையான வாட்டைக் கொடுக்கக்கூடியதாகப் பார்த்து வாங்க வேண்டும். கணக்குப் போட்டால் அது சுமார் 74 வாட்-அவர். பைக்கை ரயிலில் ஏற்றிவிட்டு விமானத்தில் திரும்பினாலும் 100 வாட்-அவர் வரம்புக்குள் வரும். கேபின் பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பையில் கூடாது.

லேப்டாப் தேவையே இல்லாதவர்களும் உண்டு. போட்டோவைப் பத்திரப்படுத்துவது மட்டும்தான் வேலை என்றால், டைப்-சி போனில் நேராக ஒரு எஸ்.எஸ்.டி-யைச் செருகிக் காப்பி செய்துவிடலாம். ஒன்றேகால் கிலோ மிச்சம்.

லடாக்கில் கிளவுடை நம்புவதும் சிரமம். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். அதுவும் லேவைத் தாண்டினால் வீடியோ ஏற்றும் வேகம் கிடைக்குமா என்பது அதிர்ஷ்டம். அதனால் இரண்டு எஸ்.எஸ்.டி-யில் ஒரே காப்பி. ஒன்று பைக் பையில், ஒன்று ஜாக்கெட் பாக்கெட்டில். லேப்டாப் திருடு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபடி என்க்ரிப்ஷன் போட்டு, அதன் ரெகவரி கீயை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இந்தமுறை சேலம் இளைஞர் கட்ச் வளைகுடா பக்கம் போகிறார். எந்தக் கல்யாணத்தின் ஒரிஜினலும் அவரோடு வருவதில்லை. முழுப் பதிவும் சேலத்தில் இரண்டு டிஸ்க்குகளில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பெரிய எடிட்டிங்கை உதவியாளர் பார்த்துக்கொள்வார். சின்ன சைஸில் அவர் அனுப்புவதை இவர் ராத்திரி அறையில் பார்த்துத் திருத்தம் சொல்வார். "அதுக்கு இந்தப் பழைய டப்பாவே ஜாஸ்தி" என்று சிரிக்கிறார்.

அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கை மட்டும் அவர் இன்னும் தூக்கிப் போடவில்லை. டேட்டா ரெகவரி கடை ஒன்று கேட்ட தொகையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். நலங்கு கிடைத்தால், சேலம் திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் பெண் வீட்டுக்குத்தான் போவாராம்.