மாற மறுப்பது யார்?

“இவங்க மாறவே மாட்டாங்க சார்.” தூய்மைப் பணியாளர்களைப் பற்றிய எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் இந்த வாசகம் ஒருமுறையாவது காதில் விழும். எந்திரம் வந்தால் பயப்படுகிறார்கள், தனியார்மயம் என்றால் மறிக்கிறார்கள், தையல் மெஷின் கொடுத்தாலும் அதை விற்றுவிட்டுத் திரும்பத் துடைப்பத்தைத்தான் தூக்குகிறார்கள் என்று அடுத்தடுத்துக் குற்றச்சாட்டுகள் வரும். சொல்பவர்களில் அதிகாரிகள் உண்டு, ஒப்பந்த நிறுவனத்தார் உண்டு, நல்லெண்ணம் கொண்ட தன்னார்வலர்களும் உண்டு.

தோழர்களே, இந்த வாசகத்தைக் கேள்வி கேட்காமல் விட்டால், சாதி செய்த வேலையைத் தொழிலாளியின் மனக்குறையாக நாமே எழுதிக் கொடுத்தது போலாகும்.

சென்னையில் குப்பை அள்ளுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தாங்கிய மாற்றங்களை எண்ணிப் பாருங்கள். மூன்று சக்கர மிதிவண்டி போய் பேட்டரி வண்டி வந்தது. பெண்களும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்கச் சொன்னார்கள். வீட்டுக்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே அதையும் செய்தார்கள். முகம் காட்டிப் பதியும் வருகைப்பதிவு வந்தது. 2015 வெள்ளத்தில் சகதியை அள்ளினார்கள். 2020-இல் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, நோயாளி இருக்கும் வீட்டு வாசலில் நின்று குப்பை வாங்கினார்கள். இவர்களா மாறத் தெரியாதவர்கள்?

அப்படியானால் அவர்கள் மறுத்தது எதை? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போனபோது, ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாட்கள் உட்கார்ந்து போராடினார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்குகிற தங்களுக்கு நிறுவனத்தின் கீழ் போனால் 16,000 சொச்சம்தான் கிடைக்கும் என்றார்கள். மாநகராட்சியின் கீழேயே வேலை வேண்டும், பணி நிரந்தரம் வேண்டும் என்று கேட்டார்கள். ஆகஸ்ட் 13 இரவு, உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டிக் காவல்துறை அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு அறிவித்த நலத்திட்டங்களில் காலை உணவும் ஒன்று. விடியுமுன் வேலைக்கு வருகிறவருக்குச் சாப்பாடு தேவைதான், அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது வேலைக்கு உறுதி. அதற்குப் பதில் வரவில்லை.

பணியாளர் நலன் என்ற சொல் நம்மூரில் இப்படித்தான் சுருங்கிப்போயிருக்கிறது. மருத்துவ முகாம், பொன்னாடை, யோகா வகுப்பு. 2019 கும்பமேளாவில் பிரதமர் ஐந்து தூய்மைப் பணியாளர்களின் காலைக் கழுவினார். கால் கழுவப்பட்டதால் யாருடைய வேலை நிலைமையும் மாறிவிடவில்லை.

சமூகவியல் மாணவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1967-இல் தொடங்கிய ‘வைட்ஹால்’ ஆய்வு அரசு ஊழியர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. எல்லோரும் அலுவலக வேலைக்காரர்கள், யாரும் பட்டினி கிடப்பவர்கள் இல்லை. ஆனாலும் பதவிப் படியில் கீழே போகப் போக இதயநோய் சாவு கூடியது. புகை, ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை. 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் மைக்கேல் மார்மட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு முக்கியமான காரணத்தைக் கண்டார்கள்: தன் வேலையை எப்படிச் செய்வது என்பதில் தனக்குச் சொல்லுரிமை குறைவாக உள்ளவருக்கு இதயநோய் ஆபத்து அதிகம்.

மேசை, மின்விசிறி, ஓய்வூதியம் எல்லாம் இருந்தவர்களுக்கே இப்படி. எந்தத் தெரு, எத்தனை மணி, யார் மேஸ்திரி என்று எதிலும் பேச்சே இல்லாத, நாளைக்கு வேலை உண்டா என்றே தெரியாத ஒரு ஒப்பந்தப் பெண் தொழிலாளியின் உடம்பு என்ன ஆகும்? ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் ஒருநாள் கூலி போகும் என்கிறபோது, அவர் காய்ச்சலோடுதான் வருவார். மாலையில் பயிற்சி வகுப்புக்கு வரவில்லை என்று வருகைப் பதிவேட்டில் அவருக்கு எதிராகக் கோடு போடுவோம்.

மலக்குழியின் கதை இதைவிடக் கொடியது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை உள்ளே இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. ஆனாலும் இறக்குகிறார்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் சாவு நெருங்கும் நேரம். நாற்றத்தைத் தாங்கக் குடித்துவிட்டு இறங்குபவர்கள் உண்டு. பிறகு அதே குடியைக் காட்டி, இவர்களைத் திருத்த முடியாது என்று பேசுகிறோம். வேலையின் நிலைமை உண்டாக்கிய பழக்கம் சாதியின் குணமாகப் பேசப்படுகிறது.

அண்ணல் அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் இந்தப் பிரச்சினையின் வேரைத் தொட்டிருக்கிறார். தொழில்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை, அவை மாறும்போது மனிதன் தன் தொழிலை மாற்றிக்கொள்ளச் சுதந்திரம் வேண்டும், சாதி அந்தச் சுதந்திரத்தை மறுப்பதாலேயே வேலையின்மையை உண்டாக்குகிறது என்பது அவருடைய வாதம். அதாவது, மாற்றத்துக்கு ஏற்ப நகர விடாமல் மனிதனைக் கட்டிப்போடுவதே சாதியின் வேலை. கட்டியவர்களே இன்று, நீ ஏன் நகரவில்லை என்று கேட்கிறார்கள்.

மறுவாழ்வு என்ற பெயரில் கொடுக்கப்பட்டதையும் பாருங்கள். கையால் மலம் அள்ளியவர்களுக்கு ஒருமுறை உதவியாக 40,000 ரூபாய். 2013 சட்டத்தின்படி, தொழில் பயிற்சிக் காலத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகை. அதை வைத்து வாடகை கொடுத்து, பிள்ளைக்குச் சோறு போட்டு, புதுத் தொழில் கற்க வேண்டும். கற்று முடித்து ஒரு டிபன் கடை போட்டால், துடைப்பம் பிடித்த கையால் சுட்ட தோசையை அந்தத் தெருவில் எத்தனை பேர் வாங்கிச் சாப்பிடுவார்கள்? கடை மூடிய பிறகு, பழைய வேலைக்கே திரும்பிவிட்டார் என்று அறிக்கை எழுதப்படும். தோசை வாங்காதவர்களைப் பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இருக்காது.

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று. 2019-இல் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களை நிரப்ப விண்ணப்பம் கேட்டபோது பட்டதாரிகளும் பொறியியல் படித்தவர்களும் உட்பட ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். அதே குப்பைதான், ஆனால் அரசு வேலை, நிலையான சம்பளம். நிலைமையை மாற்றினால் ‘மனநிலை’ தானாக மாறுகிறது, பார்த்தீர்களா?

இங்கே நம் இயக்கங்களுக்குள்ளேயே எழும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தூய்மைப் பணியை நிரந்தரமாக்கக் கேட்பது, நம் மக்களை அதே தொழிலில் நிரந்தரமாகக் கட்டிப்போடுவது ஆகாதா? நியாயமான கவலைதான். இந்தத் தொழிலிலிருந்து நம் மக்கள் வெளியேற வேண்டும் என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் வெளியேறும் வழி எது? வேலை உறுதியும் பி.எஃப்.பும் உள்ள தாய், மகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறார். கூலி குறைந்து, கந்துவட்டியில் சிக்கிய தாயின் பிள்ளை, படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் பதிலாள் வேலைக்கு வருகிறது. நான் களத்தில் பார்க்கும் குடும்பங்களில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். ஒப்பந்தமுறை யாரையும் தொழிலிலிருந்து விடுவிப்பதில்லை. அதே ஆளை, அதே வேலையில், குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்கிறது.

எனவே இரண்டையும் சேர்த்தே கேட்போம். இன்று வேலை செய்கிறவருக்கு நிரந்தரம், அவர் பிள்ளைக்கு வேறு வாசல். வாரிசு வேலை கொடுக்கும்போது படிப்புக்கேற்ற பணியிடம் கொடு, பட்டம் படித்த பிள்ளையின் கையில் மறுபடி துடைப்பத்தைக் கொடுக்காதே என்பதும் இந்தக் கோரிக்கையின் பகுதி.

எந்திரத்தை நாம் எதிர்க்கவில்லை. மலக்குழிக்குள் எந்திரம்தான் இறங்க வேண்டும். ஆனால் அந்த எந்திரம் யாருக்குச் சொந்தம்? டெல்லியில் 2019-இல் கழிவுநீர்க் குழாய் சுத்தம் செய்ய 200 எந்திர வண்டிகள் இறக்கப்பட்டபோது, கையால் மலம் அள்ளியவர்களின் குடும்பங்களுக்கு உரிமையாளராக முன்னுரிமை என்று அறிவித்தார்கள். அந்தத் திசை சரியானது. எந்திரம் முதலாளிக்கும் அடைப்பு எடுக்கும் வேலை நமக்கும் என்றால், அது பழைய ஏற்பாடுதான்.

ஆகவே, அடுத்த முறை ‘சீர்திருத்தம்’ என்று யாராவது வந்தால் மாணவர்கள் நான்கு கேள்வி கேளுங்கள். கூலி ஏறுகிறதா, இறங்குகிறதா? முடிவெடுத்த கூட்டத்தில் தொழிலாளியின் சங்கம் இருந்ததா? பயிற்சி நாட்களுக்கு முழுச் சம்பளம் உண்டா? நோயில் விழுந்தால் வேலை மிச்சமிருக்குமா? நான்குக்கும் பதில் கைவசம் இல்லை என்றால், மாறத் தயாராக இல்லாதவர் தொழிலாளி அல்ல, எதிரில் உட்கார்ந்திருக்கும் நிர்வாகம்தான் என்று அங்கேயே சொல்லுங்கள்.

ஜெய் பீம்.