உரிமைக்கு ஊசி எதற்கு?

1905-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஸ்டார்லிங் என்னும் உடலியல் அறிஞர் மருத்துவ உலகுக்குப் புதிய சொல் ஒன்றை வழங்கினார். ஹார்மோன் என்பது அந்தச் சொல். இயக்குநீர் என்று நாம் தமிழாக்கிக் கொண்டோம். 1929-இல் பெண்மைக்குரிய இயக்குநீர் ஒன்றும், 1935-இல் ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோனும் ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுக்கப்பட்டன. அதற்கு முன்னர் எந்த நாட்டு மருத்துவனின் பையிலும் அந்த மருந்து இருந்ததில்லை.

அதற்கு முன்னர் திருநங்கையும் இருந்ததில்லையோ?

இருந்தாள் தோழனே! கல்லிலும் ஏட்டிலும் இருந்தாள். கூத்திலும் குடியிருப்பிலும் இருந்தாள். சொல்லதிகாரத்தின் வாயிலிலேயே தொல்காப்பியர் அவளை நிறுத்தி வைத்து விதி வகுத்தார். பேடி என்ற பெயருக்கென்று தனி ஈறு கிடையாது. அது உயர்திணைக்குரிய ஈற்றைக் கொண்டே முடியும் என்பது அந்த விதி. பேடி என்ற பெயரை வந்தாள் என்ற வினையோடு சேர்த்து முடித்துக் காட்டினார்கள் பின்வந்த உரையாசிரியர்கள். கோழையைத் திட்டுவதற்கு அந்தச் சொல்லைப் பிற்காலத்தார் எடுத்துக் கொண்டார்களே, அது இலக்கணத்தின் குற்றமன்று, எடுத்தவர்களின் குற்றம். மாந்தரை உயர்திணையில் சேர்க்கும் முன் உடலைச் சோதித்துச் சான்று வாங்கி வா என்று தமிழ் இலக்கணம் எவரையும் விரட்டவில்லை.

அரசியல் ஏட்டில் இலக்கணப் பாடம் எதற்கு என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது. காரணத்தோடுதான் சொல்கிறேன்.

அண்மையில் ஆத்தூரில் பொதுக்கூட்டம். கூட்டம் முடிந்து, அணைப்பக்கத்துக் காற்று வீசும் நேரத்தில், படிப்பகத்துத் திண்ணையில் தோழர்களோடு அமர்ந்திருந்தேன். கிளைக்கு வந்திருந்த உறுப்பினர் படிவங்களில் ஒன்று மட்டும் தனியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. பூக்கட்டிப் பிழைக்கும் ஒரு திருநங்கை, மகளிர் அணியில் சேர்த்துக்கொள்ளுமாறு எழுதிக் கொடுத்த படிவம் அது. ஒதுக்கியவர் பகைவரல்லர். 1965 மொழிப்போரில் சிறை கண்ட பெரியவர். நான் பிறப்பதற்கு முன்பே கொடி பிடித்தவர்.

“தம்பி, எனக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. ஊசி போடுகிறாயா, மாத்திரை சாப்பிடுகிறாயா என்று அவளையே கூப்பிட்டுக் கேட்டேன். இல்லை என்கிறாள். பிறகு எப்படி மகளிர் அணி? ஒரு டாக்டர் சீட்டாவது வேண்டாமா?” என்றார்.

“ஐயா, கேள்வி கேட்கும்போதே அவள் என்கிறீர்களே! டாக்டர் சீட்டைப் பார்த்தா உங்கள் நாக்கு அந்த ஈற்றைச் சேர்த்தது?” என்றேன்.

பெரியவர் சிரித்துவிட்டார். ஆனால் படிவத்தை எடுத்து மற்றவற்றோடு சேர்க்கவில்லை. சிரிப்பு வேறு, சம்மதம் வேறு என்பது மேடையில் பேசுகிறவனுக்குத் தெரியாதா? அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை இதை எழுதுகிறேன். அவருடைய கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. நம்மில் பலர் வாய்விட்டுக் கேட்காமல் மனத்தில் வைத்திருக்கும் கேள்வி அது.

முதலில் மருந்தைப் பற்றி. கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். மருத்துவம் எனக்குப் பாடமில்லை. ஆகவே திண்டுக்கல்லில் மருத்துவம் பார்க்கும் நண்பரிடம் போய் உட்கார்ந்தேன். படிக்க வேண்டியதையும் தேடிப் படித்தேன். அறிந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள். இங்கே பேசுவது வயது வந்தவர்களைப் பற்றி மட்டுமே.

திருநங்கைக்கு ஈஸ்ட்ரோஜன், அதனோடு ஆண்மை இயக்குநீரை அடக்கும் மருந்து. திருநம்பிக்கு டெஸ்டோஸ்டிரோன். இது மந்திரக்கோலன்று, தட்டியவுடன் உருமாறுவதற்கு. சில திங்களில் மாற்றம் தொடங்கும். முழுமை பெற இரண்டு மூன்று ஆண்டுகள், சில மாற்றங்களுக்கு அதற்கு மேலும் ஆகும். ஈஸ்ட்ரோஜன் மார்பை வளர்க்கும், தோலை மென்மையாக்கும், உடலின் கொழுப்பை வேறு விதமாக அமைக்கும். உடைந்த குரலை மீண்டும் இனிமையாக்காது, முளைத்த தாடியை முற்றிலும் போக்காது. டெஸ்டோஸ்டிரோன் குரலைத் தடிக்கச் செய்யும், மீசையை முளைக்கச் செய்யும், மாதவிலக்கை நிறுத்தும். மருந்தை நிறுத்தினால் மாதவிலக்கு திரும்பலாம். தடித்த குரல் திரும்பாது. பிள்ளை பெறும் ஆற்றல் குறையலாம், சிலருக்கு இல்லாமலே போகலாம். ஈஸ்ட்ரோஜன் சிலருக்கு இரத்தத்தை உறைய வைக்கும். புகைப்பவர்களுக்கு அந்த இடர் கூடுதல். டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தின் சிவப்பணுக்களை அளவுக்கு மேல் பெருக்கலாம். முதலாண்டில் மூன்று திங்களுக்கு ஒரு முறையேனும் குருதியைச் சோதிக்க வேண்டும்.

இனி நீயே சொல். ஈரல் நோயுள்ள ஒருத்தி, நாளை ஒரு பிள்ளைக்குத் தாயோ தந்தையோ ஆக விரும்பும் ஒருவர், கூத்து மேடையில் பாடும் குரலே பிழைப்பாகக் கொண்ட ஒரு திருநம்பி, மருந்து வாங்க வழியில்லாத ஒரு கூலித் தொழிலாளி, இருக்கும் உடலோடு நிறைவாக வாழ்கிறேன், எனக்கு இது வேண்டியதில்லை என்று அமைதியாகச் சொல்லும் ஒருத்தி — இவர்களெல்லாம் தங்கள் பெயரையும் பாலையும் இழந்துவிட்டவர்களா? மருந்து என்பது நோயரையும் நோவையும் பார்த்துக் கொடுப்பது. எல்லோருக்கும் ஒரே அளவில் முத்திரை குத்துவதற்கு அது மாட்டுச்சந்தையா?

அதே வேளையில் மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். கண்ணாடியில் தெரியும் முகம் தன்னுடையதல்ல என்று நாள்தோறும் வதைபடுபவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த மருந்து ஒப்பனையன்று; உயிர். “எதற்கு இந்தச் செலவு? சேலை கட்டிக்கொண்டால் போதாதா?” என்று கேட்கும் குரலும் நம்மிடையே உண்டு. ஊசி போட்டால்தான் பெண் என்று மிரட்டும் குரலும், ஊசி எதற்கு என்று ஏளனம் செய்யும் குரலும் இரண்டல்ல. அவள் உடலுக்கு நான் எசமானன் என்பதுதான் இரண்டும் சொல்வது. தேவையா என்ற கேள்விக்கு ஒருவருக்குத் தேவை, இன்னொருவருக்குத் தேவையில்லை என்பதே விடை. அதைச் சொல்ல வேண்டியவர் அவர்; உடலுக்கு ஏற்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். கிளைச் செயலாளருக்கு அங்கே நாற்காலி இல்லை.

நாடகக்காரன் என்பதால் என்னிடம் இன்னொன்றும் கேட்கிறார்கள்: “பெண்வேடம் கட்டியவனெல்லாம் பெண்ணா?” நல்ல கேள்வி. திரை விழுந்ததும் அவன் அரிதாரத்தைக் கழுவுகிறான், பீடியைப் பற்ற வைக்கிறான், வீட்டுக்குப் போகிறான். இவளுக்கோ வேடம் இருந்தது முன்பு. சட்டை போட்டு, மீசை வளரவிட்டு, ஊருக்காக ஆண்வேடம் ஆடியது அத்தனை ஆண்டுகள். அதைக் கழுவிவிட்டு வீடு திரும்பியவளிடம் போய் வேடம் எங்கே என்று கேட்கிறோம்! திருநங்கையரின் வாழ்வைத் தொகுத்த ரேவதி தம் நூலுக்கு உணர்வும் உருவமும் என்று பெயரிட்டார். முதலில் நிற்பது உணர்வு என்பதைக் கவனித்தாயா?

சட்டம் என்ன சொன்னது? 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் இராதாகிருஷ்ணனும் சிக்ரியும், தன் பாலை உணர்ந்து சொல்லும் உரிமை அவரவர்க்கே என்று தீர்ப்பளித்தனர். அறுவை செய்தால்தான் ஏற்போம் என்று வற்புறுத்துவது அறத்துக்கும் சட்டத்துக்கும் புறம்பு என்றனர். அதே திங்களில் நம் உயர் நீதிமன்றத்திலும் ஒரு தீர்ப்பு. கரூர் மாவட்டக் காவல்துறையில், பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்து பெண் காவலராகச் சேர்ந்த ஒருவரை மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தி, நீ பெண்ணல்ல என்று வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். நீதிமன்றம் அந்த நீக்கத்தைத் தள்ளியது. புதுக்கோட்டைச் சீமையின் கத்தக்குறிச்சியில் பிறந்து, 2006-இல் டோகா நகரில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வென்ற சாந்தியை நினைத்துப் பார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்களே! கரூர்க் காவலருக்கு நீதி கிடைத்தது. சாந்தியின் கழுத்துக்குப் பதக்கம் திரும்பவில்லை. சான்றிதழ்ச் சோதனை யாரோ சிலரைத்தான் தொடும் என்று நம் வீட்டுப் பெண்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

பிறகு 2019-இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 2020-இல் விதிகள் வந்தன. திருநர் என்ற அடையாளச் சான்றை உடற்சோதனை இல்லாமலே மாவட்ட ஆட்சியர் வழங்க வேண்டும் என்றன அந்த விதிகள். ஆண் என்றோ பெண் என்றோ தாளில் ஏற வேண்டுமானால் மட்டும் மருத்துவமனைச் சான்று வேண்டும் என்றன. ஒரு கையால் கதவைத் திறந்து, மறு கையால் திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்ட கதை! ஆனாலும் அந்தப் பூட்டிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. மருத்துவத் துணை என்பதற்கு விளக்கம் எழுதியபோது ஆலோசனை, இயக்குநீர்ச் சிகிச்சை, அறுவை ஆகிய மூன்றையும் அடுக்கினார்கள். ஆலோசனையும் அதில் அடங்கும். ஊசி கட்டாயம் என்று எங்கும் எழுதவில்லை. தில்லியே கேட்காததை ஆத்தூர்க் கிளை கேட்கலாமா?

உடலை விலையாகக் கேட்ட நாடுகள் பின்னர் என்ன ஆயின என்பதையும் பார். 1972-இலேயே பாலின மாற்றத்தைச் சட்டத்தில் ஏற்றுப் பெயர் வாங்கியது சுவீடன். ஆனால் பிள்ளைப்பேற்றை இழந்து வா, பிறகு தாள் தருகிறேன் என்றது. 2013 வரை அந்தக் கொடுமை நீடித்தது. 2018-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்க அதே நாடாளுமன்றம் முடிவெடுத்தது. சப்பானில் 2023-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய நிபந்தனை அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது. அர்சென்டினாவோ 2012-இலேயே சான்று எதுவும் கேளாமல் பாலை மாற்றிக்கொள்ள வழி செய்தது. விரும்புவோருக்கு இயக்குநீரையும் அறுவையையும் மருத்துவக் காப்பில் சேர்த்தது. நிபந்தனையாக வைக்காதே, கேட்பவருக்கு மறுக்காதே! ஒரே சட்டத்தில் இரண்டையும் எழுதினார்கள்.

தமிழ்நாடு பின்தங்கிய நாடன்று. 2008-இல் இந்தியாவிலேயே முதன்முறையாகத் திருநங்கையர் நல வாரியம் கண்டது நம் மாநிலம். 2021-இல் நகரப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்றானபோது திருநங்கையருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. எந்த நடத்துநரும் ஊசிக் கணக்குக் கேட்டுவிட்டுச் சீட்டுக் கிழிக்கவில்லை.

திருநங்கையர் குடும்பங்களிலும் ஒரு சொல் சொல்ல வேண்டும். நிர்வாணம் முடித்தவள் மேல், முடிக்காதவள் கீழ் என்ற ஏணி அங்கேயும் உண்டு. ஏணிகளை ஒடிக்கப் பிறந்த இயக்கத்தவர் நாம். அந்த ஏணியும் நமக்கு உறவல்ல.

அந்த ஏணியில் விரைந்து ஏறத் துடிப்பவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி, யாரோ சொன்ன கணக்கில் விழுங்குகிறார்கள். அளவை இரட்டித்தால் மாற்றம் இரட்டை வேகத்தில் வராது. இரத்தம் உறையும் ஆபத்துத்தான் ஏறும். காலில் வீக்கம் கண்டு, மூச்சுத் திணறி வந்தவர்களைத் தாம் பார்த்ததாக நண்பர் சொன்னார். அவர்களில் ஒருத்தி, மருந்து எனக்கு வேண்டுமென்று தோன்றியதில்லை அண்ணா, மாத்திரை சாப்பிடாவிட்டால் வேடக்காரி என்கிறார்கள், அதனால்தான் என்றாளாம். படிவத்தோடு டாக்டர் சீட்டுக் கேட்கும் நம் பெரியவருக்கு இது தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது அவளிடமல்ல, அரசிடம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு திறந்தார்கள்; வரவேற்போம். ஆனால் சோதனைக்கு ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள், மருந்துக்கு ஒரு நாள் என்று ஆத்தூரிலிருந்து மதுரைக்குப் போய்வரும் பூக்காரிக்கு மூன்று நாள் பூ வாடும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரத்துக்கு ஒரு நாளேனும் இயக்குநீர் மருத்துவரும், மனநல மருத்துவரும், குருதிச் சோதனையும், விலையில்லா மருந்தும் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும். மருந்தின் நன்மையையும் இடரையும், பிள்ளைப்பேறு பற்றியும், தொடங்கும் முன்பே தமிழில் விளக்கிச் சொல்லும் ஏற்பாடு வேண்டும். வேண்டாம் என்று திரும்புகிறவரை அதற்காக எந்த அலுவலகமும் குறைத்து எண்ணக் கூடாது. அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு இந்தத் தீர்மானத்தை ஆத்தூர்க் கிளை முன்மொழியட்டும். வழிமொழிய நான் வருகிறேன்.