மூன்று நிலத்துக்கு ஒரே வரைபடமா?

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான். இந்த வட்டாரத்துக்குள்ளேயே நிலம் மூன்று விதமாக இருக்கிறது. கேப்பர் மலையில் தொடங்கி நெய்வேலி, பண்ருட்டிப் பக்கம் பரவும் செம்மண் மேடு ஒன்று. தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரை நீளும் கடலோர மணல் இன்னொன்று. வெள்ளாற்றுக்குத் தெற்கே, கொள்ளிடம் கொண்டுவந்து சேர்த்த வண்டலும் களியும் மூன்றாவது. ஆனால் மூன்றிலும் எழும்புவது ஒரே வீடு: நான்கு பக்கமும் ஒரே அளவு ஜன்னல், திண்ணையில்லாத வாசல், மேலே வெறும் மொட்டைமாடி. சூழலுக்கு உகந்த வீடு என்று பேச்செடுத்தால் உடனே மண் வீடா, கான்கிரீட் வீடா என்ற வழக்குக்குப் போய்விடுகிறோம். எந்தப் பொருள் என்பது பிறகு வரவேண்டிய கேள்வி. இந்த மனைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே வடியும், காற்று எந்தப் பக்கம், வெயில் எந்தச் சுவரில் என்பதற்கு முதலில் விடை வேண்டும்.

குடிசையில் இருப்பவர்கள் கான்கிரீட் கேட்பதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் 'தானே' புயல் இந்தக் கரையைக் கடந்தபோது கூரைகள் பறந்தன. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அதன் பிறகு அரசு ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகளை அறிவித்தது நியாயமான முடிவு. கீற்றுக் கொட்டகையின் குளுமையைப் புகழ்வது அதற்குள் மழையோடு படுக்காதவர்களுக்கு எளிது. உறுதியான கூரை வேண்டும் என்பதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் உறுதி என்பது வரைபடத்தின் ஒரு வரிதான். மற்ற வரிகளை நாம் எழுதவே இல்லை.

கூரையையே எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதிகள் கூரையின் வெப்பக் கடத்தலுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. வெறும் ஐந்து அங்குல கான்கிரீட் அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தை உள்ளே விடும். பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தத் தளம் இரவு முழுக்கக் கட்டில்மீது இறக்குகிறது. முன்பெல்லாம் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, தட்டோடு பதிப்பார்கள். இன்று பணம் தீர்ந்த நேரத்தில் முதலில் விடுபடுவது அந்த வேலைதான். அதைச் செய்து, மேலே வெள்ளையும் அடித்தால் கூரை வழி இறங்கும் சூடு வெகுவாகத் தணியும். அடுத்து ஜன்னல். நம்முடையதுபோன்ற வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த பகுதிகளில், திறக்கக்கூடிய பரப்பு தரையின் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கின்றன அதே விதிகள். 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. நாலுக்கு நாலு ஸ்லைடிங் ஜன்னல் வைத்தால் அதில் பாதிதான் திறக்கும். எட்டுச் சதுர அடிக் காற்றுக்கு முழு ஜன்னலின் விலை கொடுக்கிறோம். பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று வருகிறது. அது நுழைய ஒரு வழியும், எதிர்ப்பக்கம் வெளியேற ஒரு வழியும் இல்லாவிட்டால் கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் பயனில்லை.

வெயிலின் கணக்கும் இங்கே தனி. ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆனால் உச்சியை ஒட்டி நிற்பதால், வடக்கு ஜன்னலுக்கு ஒன்றரை அடி சன்ஷேடு போதும். மேற்கில் அது உதவாது. மாலை நான்கு மணி வெயில் சாய்ந்து வந்து சன்ஷேடுக்குக் கீழே புகுந்துவிடும். ஆறடி தாழ்வாரமோ, ஒரு பூவரசோ, குளியலறையும் சாமான் அறையுமோதான் மேற்குச் சுவரைக் காக்கும். நம் பழைய வீடுகளின் தாழ்வாரம் அழகுக்காக வந்ததல்ல.

தண்ணீர்தான் இந்த மாவட்டத்தின் பெரிய கேள்வி. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று மேற்கே பெய்ததெல்லாம் இவ்வழியாகவே கடலுக்குப் போகிறது. 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் வீடுகளோடு ஆட்களையும் கொண்டுபோனது. அது செம்மண் மேட்டுப் பக்கம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் சாத்தனூர் அணை திறந்தபோது தென்பெண்ணைக் கரைக் குடியிருப்புகள் மூழ்கின. இதற்கு நாம் கண்ட மருந்து, மனை முழுக்க கிராவல் அடித்து மேடாக்குவது. அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அவர் அடுத்த ஆண்டு இன்னும் இரண்டடி ஏற்றுகிறார். பிறகு சாலை ஏறுகிறது. வாய்க்கால் காணாமல் போகிறது. வீடு நிற்கும் இடத்தை மட்டும் உயர்த்தி, சுற்றியுள்ள மனையை இயல்பான மட்டத்திலேயே விட்டால் வெள்ளம் தங்கவும் வடியவும் இடமிருக்கும். சிதம்பரம் பக்கத்துக் களி நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அங்கே ஆழமில்லாத கடைக்கால் போட்டால் சுவர் விரிசல் காணும். அடியில் குமிழ்போல விரிந்த பைல் அடித்தளத்தை இத்தகைய மண்ணுக்காகவே ரூர்க்கி மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன் உருவாக்கித் தந்திருக்கிறது.

மழைநீர் சேகரிப்பை 2003-இல் தமிழகம் கட்டாயமாக்கியது பெருமைக்குரியது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். ஆனால் மணலில் உறிஞ்சுகுழி பலன் தருவதுபோல் களியில் தராது; அங்கே தொட்டிகட்டிச் சேமிக்க வேண்டும். பொருளும் அப்படியே. செம்மண் பகுதியில் சிறிது சிமென்ட் கலந்து அழுத்திய மண்கட்டியால் மாடி வீடே கட்டலாம் என்பதை ஆரோவில் மண் கட்டடக் கழகம் காட்டியிருக்கிறது. கடலோரத்திலோ உப்புக்காற்று கம்பியைத் தின்கிறது. சுனாமிக்குப் பின் கட்டிய குடியிருப்புகள் பலவற்றில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே கம்பிக்கு மேல் போதிய கனத்தில் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், உவர் நீரில் கலவை போடக்கூடாது.

செலவு கூடுமே, அரை கிரவுண்டில் தாழ்வாரத்துக்கு எங்கே போவது என்பார்கள். பைலுக்கும் தட்டோட்டுக்கும் செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜன்னலை இடம்மாற்றி வைக்கவும், குளியலறையை மேற்கே தள்ளவும், மனையை நிரப்பாமல் விடவும் கூடுதல் செங்கல் ஒன்றும் வேண்டாம். கிராவல் காசு மிச்சம். தனியாக ஆர்க்கிடெக்ட் வைக்க முடியாதவர்களுக்கு அரசே வரைபடம் தரலாம். 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 கான்கிரீட் கூரை, மீதி 60 வேறு தீப்பிடிக்காத கூரை. அந்த அறுபதை மேற்குத் தாழ்வாரமாக ஓடு வேய்ந்து போடச் சொன்னாலே போதும், வீட்டின் சூடு மாறிவிடும். மாவட்ட நிர்வாகம் செம்மண்ணுக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று, களிக்கு ஒன்று என மூன்று வரைபடங்களை ஒன்றிய அலுவலகங்களில் வைக்கட்டும். ஊராட்சிதோறும் 2015, 2024 வெள்ளம் ஏறிய மட்டத்தைப் பள்ளிச் சுவரில் குறித்து, பயனாளியின் தரைமட்டத்தை அந்தக் கோட்டுக்கு மேலே நிர்ணயித்த பிறகே முதல் தவணையை விடுவிக்கட்டும்.