எந்த வீட்டில் விழுந்தீர்கள்?

புலம்பெயர்ந்த மண்ணில் உழைத்து வாழும் குடும்பத்தின் ஒரே முதல், உழைப்பவரின் உடலே. அந்த உடல் வேலையில் காயப்படும்போது குடும்பம் தளர்ந்துவிடாதிருக்க இத்தாலியச் சட்டம் வழி செய்துள்ளது. ஆயினும் பலெர்மோவில் வாழும் தமிழர்களுள் அந்த உரிமையைக் கேட்காமலேயே இழந்துவிடுவோர் உளர்.

1980களிலிருந்து இந்நகரில் குடியேறிய ஈழத்தமிழர் பலர் பிறர் வீடுகளிலேயே தொழில் புரிகின்றனர். துப்புரவு, சமையல், முதியோர் பராமரிப்பு என்பனவே அவர்களது வேலைகள். வேலைத்தலமும் வீடு, வாழுமிடமும் வீடு. ஏணியிலிருந்து விழுந்தவர் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் "வீட்டில் விழுந்துவிட்டேன்" என்கிறார். வைத்தியரும் அவ்வாறே எழுதிவிடுகிறார். வேலை விபத்து, வீட்டு விபத்தாகிவிடுகிறது. சிலர் இதனை அறியாமையால் சொல்கின்றனர். வேறு சிலர் முதலாளி அம்மாவுக்குச் சிக்கல் வரக்கூடாது என்ற நன்றியுணர்வாலும், வேலை போய்விடும் என்ற அச்சத்தாலும் சொல்கின்றனர்.

நன்றியுணர்வு நற்பண்பே. ஆனால் அது இங்கு பொருந்தாது. வேலை விபத்துக் காப்புறுதி இத்தாலியில் 1898ஆம் ஆண்டுச் சட்டத்துடன் தொடங்கியது. இன்று அதனை இனாயில் என்னும் அரச நிறுவனம் நடத்துகிறது. பதிவு செய்த பணியாளருக்காக முதலாளி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இன்ப்ஸுக்குச் செலுத்தும் பணத்தில் இக்காப்புறுதியின் பங்கும் அடங்கியுள்ளது. விபத்தை அறிவிப்பது முதலாளியிடம் கையேந்துவதாகாது. கட்டிய காப்புறுதியைப் பெறுவதே ஆகும். முதலாளி பணம் செலுத்தாவிடினும் தொழிலாளியின் உரிமை அழியாது என 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் 67ஆம் பிரிவு கூறுகிறது.

கிடைப்பது சிறிதன்று. வேலை செய்ய இயலாத காலத்தில் நான்காம் நாளிலிருந்து 90ஆம் நாள்வரை கணிக்கப்பட்ட நாட்சம்பளத்தின் 60 விழுக்காடும், அதன்பின் 75 விழுக்காடும் வழங்கப்படும். நிரந்தரப் பாதிப்பு 6 முதல் 15 விழுக்காடாயின் ஒரே தடவையில் நட்டஈடு உண்டு. 16 விழுக்காடு முதல் தொடர் கொடுப்பனவு உண்டு. ஒரு வீட்டில் வேலை முடித்து அடுத்த வீட்டு வேலைக்கு வழமையான பாதையில் செல்லும்போது நேரும் விபத்தையும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளடக்குகிறது.

நோய்களின் நிலை இன்னும் கடினமானது. முதியவர்களை ஆண்டுக்கணக்கில் தூக்கி இறக்கியதால் வரும் முதுகுநோவுக்கு விபத்தைப் போல நாள் குறிக்க முடியாது. எனினும் பட்டியலில் இல்லாத நோயும் வேலையால் வந்ததென நிரூபித்தால் ஏற்கப்படும் என அரசியலமைப்பு நீதிமன்றம் 1988இல் தீர்ப்பளித்தது. ஆகவே வைத்தியரிடம் நோவை மட்டுமன்றிச் செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும். பத்திரங்களைப் பேணி வைக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் கடந்தால் கோரிக்கை காலாவதியாகிவிடும்.

இவ்விடத்தில் இளையோரின் பொறுப்புப் பெரியது. வைத்தியசாலையில் பெற்றோருக்காக இத்தாலிய மொழி பேசுவோர் பெரும்பாலும் அவர்களே. தாய் "வீட்டில்" என்று சொன்னால், எந்த வீட்டில், என்ன வேலையின்போது என்று கேட்டறிந்து மொழிபெயர்க்க வேண்டும். முதலாளிக்கு உடனே அறிவித்து, வைத்தியச் சான்றிதழின் விபரத்தையும் கொடுக்க வேண்டும். படிவங்களை நிரப்பத் தொழிற்சங்கங்களின் பத்ரொனாதோ அலுவலகங்கள் உதவும்.

பெற்றோரும் பிள்ளைகளிடம் காயத்தை மறைத்தலாகாது. வலியைப் பொறுப்பது தியாகமாகலாம். உரிமையை இழப்பது தியாகமன்று.