தத்தளிக்கறதும் முழுகறதும் ஒண்ணா?

வாராவாரம் க்ளையண்டுக்குப் போற ஸ்டேட்டஸ் மெயில்ல, ப்ராஜெக்ட் 'ஃப்ளவுண்டர்' ஆகுதுன்னு எழுதியிருந்தேன். மேனேஜர் நடுவுல இருந்த 'எல்'லைத் தூக்கிட்டு 'ஃபவுண்டர்' ஆக்கி அனுப்பிட்டார். கேட்டா, "ஸ்பெல்லிங் மிஸ்டேக்னு நினைச்சேன்ப்பா, ரெண்டும் ஒண்ணுதானே?"

அய்யா சாமி, ஒண்ணு இல்லை! நான் சொன்னது தத்தளிக்குதுன்னு. அவர் சொன்னது முழுகுதுன்னு. மறுநாள் கால்ல முக்கா மணி நேரம் அர்ச்சனை. யாருக்கு? எனக்குத்தான்.

ஃபவுண்டருக்குப் பூர்வீகம் லத்தீன் 'ஃபுண்டுஸ்'. அடி, அடிமட்டம்னு அர்த்தம். பழைய பிரெஞ்சு வழியா 14ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு. கப்பல்ல தண்ணி ஏறி அடிக்குப் போனா அது ஃபவுண்டர். 1912 ஏப்ரல் 15 அன்னிக்கு டைட்டானிக்குக்கு நடந்தது அதுதான். குதிரை தடுமாறி விழுந்தாலும் இதே சொல். குதிரைக்கு வர்ற ஒரு குளம்பு நோய்க்கும் இதான் பேரு. தமாஷ் என்னன்னா, கம்பெனி ஆரம்பிக்கிற ஃபவுண்டரும் அதே ஃபுண்டுஸ் வம்சம். ஒண்ணு அடித்தளம் போடுது, இன்னொண்ணு அடிக்கே போகுது. (சில கம்பெனில ரெண்டையும் ஒரே ஆள் பாத்துக்கறார் :-))

ஃப்ளவுண்டர் வந்தது 16ஆம் நூற்றாண்டு கடைசில. சேத்துல மாட்டினவன் கையக் கால உதைச்சுத் தடுமாறுவானே, அது. ஆனா உசிரு இருக்கு! இதோட பூர்வீகத்துல அகராதிக்காரங்களுக்கே சந்தேகம். ஃபவுண்டரே திரிஞ்சு வந்திருக்கலாம், 'ப்ளண்டர்'ங்கற சொல்லும் கூட ஒட்டிக்கிட்டிருக்கலாம்கறாங்க.

உடனே ஒரு கோஷ்டி கிளம்பும். "பாத்தியா, வேர் ஒண்ணுதான், எப்படி எழுதினா என்ன? மொழின்னா மாறத்தானே செய்யும்?" சுத்த சப்பைக்கட்டு. அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போயி நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அண்ணன் வாங்கின கடனுக்குத் தம்பி வீட்டை ஜப்தி பண்ணுவீங்களா? மொழி மாறட்டும், வேணாம்னு சொல்லலை. ஆனா தத்தளிக்கறவனுக்குக் கயிறு வீசலாம், முழுகினவனுக்கு வீசி என்ன பிரயோஜனம்? க்ளையண்ட் கயிறு வீசணும்னுதான் அந்த மெயிலையே எழுதினேன். இன்னும் ரெண்டு டெஸ்டர் கேட்டிருந்தேன். அவங்க ஆளு தரலை, கான்ட்ராக்டைத் தூசு தட்டி எடுத்துட்டாங்க.

ப்ராஜெக்ட் முழுகலை. ரெண்டு மாசம் லேட்டா லைவ் போச்சு. அந்த வருஷ அப்ரைசல்ல மேனேஜர் எனக்கு எழுதினது: "கம்யூனிகேஷன் இன்னும் தேறணும்."